இடது பக்கத்து மவுஸ்

தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் மூடி வைக்க முடியுமுங்களா? வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதுன்னு இல்லைங்க. அந்த ஸ்பேஸ் பார் ஓரத்துல என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்குது பாருங்க, காய்ந்த சட்னி மாதிரி. கோபியில பஸ் கிளம்பினதிலிருந்து அதைத்தான் பார்த்துக்கிட்டு வர்றேன். ஜன்னல் பக்கம் திரும்பி வயலைப் பார்க்கலாம்னாலும் கண்ணு அங்கேயே போய் நிக்குது. நம்பியூர் வர்றதுக்குள்ள எனக்கு ரெண்டு தரம் ஓங்கரிச்சுப் போச்சு.

சட்னி இல்லீங்களா? ஜாமா? ஜாம்னா இன்னும் மோசம். எறும்பு வரும்.

மூடிட்டீங்க. புண்ணியமாப் போச்சு. இனி நான் நிம்மதியா உட்காருவேன்.

என்னடா இந்த ஆளு இப்படி ஒரு கிறுக்கனா இருக்கறானேன்னு நினைப்பீங்க. நினையுங்க, எங்க ஊரே நினைக்கறதுதான். பத்திர ஆபீசுக்கு எதிர்த்தாப்புல குப்புராஜ் டிடிபின்னு கேட்டீங்கன்னா, "அந்தத் துண்டுக்காரர் கடையா"ம்பாங்க. இதோ, தோளில் கிடக்குதே, இந்த வெள்ளைத் துண்டு. இது முகம் துடைக்க இல்லீங்க. முகத்துக்குக் கைக்குட்டை தனியா இருக்குது. இது கீபோர்டுக்கு. ராத்திரி கடை சாத்தும்போது குழந்தைக்குப் போர்த்தி விடற மாதிரி போர்த்திட்டுத்தான் வருவேன்.

எங்க தொழிலு அப்படி. கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், பூராம் நாங்கதான் அடிக்கோணும். பத்திரம் எழுத வர்றவங்க சும்மா வரமாட்டாங்க. அண்ணன் தம்பி, மச்சினன், சாட்சி, சாட்சிக்குத் துணைன்னு ஒரு கூட்டமே வரும். வாயில வெத்தலை. கையில வடை. வடையைத் தின்ன அதே விரலை ஸ்கிரீன்ல வெச்சு, "இங்க, இங்க, வடக்கால எங்க சித்தப்பங் காடுன்னு போடுங்க"ம்பாங்க. அந்த விரல் வெச்ச இடத்தில் எண்ணெய் வட்டமாப் படிஞ்சு நிக்கும். சித்தப்பங் காட்டுக்குள்ள ஒரு குளம் வெட்டுன மாதிரி. எனக்கு அன்னிக்கு மத்தியானச் சோறு இறங்காது.

ஆனா ஸ்கிரீனைத்தான் தொடமுடியும். கீபோர்டை யாரும் தொட்டதில்லை. தொட விட்டதில்லை.

என்னோடது பழைய கீபோர்டுங்க, நல்ல கனம். தூக்கி ஒருத்தன் தலையில போட்டா ஆளு படுத்துக்குவான். கீயை நாங்க கட்டைன்னுதான் சொல்லுவோம், அடிச்சா டக்கு டக்குன்னு சத்தம் வரும். எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு, மொட்டைக் கட்டைதான். அது இன்னும் நல்லது, எழுத்து அச்சடிச்ச இடத்தில்தான் அழுக்குப் பிடிக்கும். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவன். குனிஞ்சு கட்டையைப் பார்த்து அடிக்கறவனெல்லாம் என்னைப் பொறுத்தவரைக்கும் வாய் எங்க இருக்குதுன்னு கண்ணாடி பார்த்துச் சோறு திங்கறவன்.

மவுஸ்? என் மேஜையில மவுசே கிடையாது. எல்லாம் கட்டையிலேயே முடிச்சுக்குவேன். அந்தக் காலத்துல மவுசுக்கு அடியில ஒரு உருண்டை இருக்கும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அதைக் கழட்டினா உள்ளே சின்ன உருளைங்க, அதைச் சுத்தி கறுப்பா, திரி மாதிரி, ஊரான் கை அழுக்கு பூராவும் சுத்திக்கிட்டு இருக்கும். நகத்தால சுரண்டி எடுக்கோணும். எடுத்துட்டு அந்த நகத்தை என்ன பண்றது சொல்லுங்க. அன்னிக்கு விட்டவன்தான். இப்ப வர்ற மவுசுல உருண்டை இல்லை, ஆனா நடுவுல சக்கரம் இருக்குதே, அந்தச் சந்துல எட்டிப் பாருங்க. வேண்டாம், பார்க்காதீங்க, நீங்க இன்னும் சாப்பிடலை போலிருக்குது.

ஆயுத பூஜைக்கு ஊரே என்ன பண்ணுது? கீபோர்டுக்குச் சந்தனம் கரைச்சு அஞ்சு விரலாலும் தீத்தி, நடுவுல குங்குமம் வைக்கறாங்க. அது உள்ள இறங்கிக் காய்ஞ்சு பொருக்குத் தட்டிப் போகும். சாமி பேரைச் சொல்லி அசிங்கம் பண்றதுக்கு நம்ம ஆளுங்களை விட்டா ஆளில்லை. நான் மேஜைக் காலுக்குத்தான் பொட்டு வைப்பேன். சாமிக்கு மேஜைக் கால் தெரியாதுங்களா?

சரி, விஷயத்துக்கு வர்றேன். எனக்கு ஒரே பொண்ணு. சிந்துஜா. கோயமுத்தூர்ல வேலை, பீளமேட்டுல லேடீஸ் ஹாஸ்டல்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்குது. இப்ப அங்கதான் போறேன். ஒரு பந்தயம் இருக்குது, அப்புறம் சொல்றேன்.

அதை நான் வளர்த்த வளர்ப்பைச் சொன்னா நம்பமாட்டீங்க. இத்தனை வருஷத்துல எம் பொண்ணு விரலே என் கீபோர்டுல பட்டதில்லைங்க. பெத்த பொண்ணு. மத்தவங்க எம்மாத்திரம். சின்னதா இருக்கறப்ப ஒரு நாள் கையில தேன்மிட்டாயோட வந்து, ஒரு விரலை நீட்டிக்கிட்டு, தொடலாமா வேண்டாமான்னு நின்னுச்சு. நான் வாசல்ல இருந்து ஒரு சத்தம் போட்டேன். விரலைப் பாவாடையில துடைச்சுக்கிட்டு அப்படியே பின்னால போச்சு. அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. அத்தனை நல்ல பிள்ளை.

பாவம்னு பழைய கீபோர்டு ஒண்ணைக் குடுத்தேன். ஒயரை எதுலயும் சொருகலை. எதுக்குச் சொருகோணும், குழந்தைக்கு விளையாடத்தானே? கடை மூலையில உட்கார்ந்து தட்டிக்கிட்டே இருக்கும். "என்ன சாமி அடிக்கறே"ன்னு கேட்டா, "உங்களுக்குத்தானுங்கப்பா லெட்டர் அடிக்கறேன்"னு சொல்லும். நான் பாட்டுக்குப் பத்திரத்தைப் பார்ப்பேன்.

அப்புறம் ஒரு பழக்கம் இருந்துச்சு அதுக்கு, பீச்சாங்கை. எதை எடுத்தாலும் இடது கை. பென்சில், கரண்டி, எல்லாம். ஸ்கூல்ல கம்ப்யூட்டர் கிளாஸ்ல மவுசை எடுத்து இந்தப் பக்கம் வெச்சுக்குதுன்னு டீச்சர் சொன்னாங்க. எனக்கு உடம்பே கூசிப் போச்சுங்க. எந்தக் கையால எதைச் செய்யோணும்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? சோத்தாங்கையில எடு, சோத்தாங்கையில எடுன்னு சொல்லிச் சொல்லி மாத்திப்போட்டேன். இன்னிக்கு எங்க வீட்டுல உட்கார்ந்து அது இடது கையால ஒரு டம்ளர் தண்ணி எடுத்து நீங்க பார்க்க முடியாது.

போன தீபாவளிக்கு வந்தப்ப மட்டும் நகத்துல என்னமோ பூசிக்கிட்டு வந்துச்சு, மயில்கழுத்துக் கலர்ல, பச்சையுமில்லாம நீலமுமில்லாம. "இதென்ன சாமி, கட்டை மேல பட்டா உரிஞ்சு விழுமே"ன்னேன். "எங்கட்டைதானுங்கப்பா"ன்னுச்சு. நான் அத்தோட விட்டுட்டேன். வயசுப் பொண்ணு, நகம் அதோடது.

போன தை மாசம் தரகர் நாச்சிமுத்து ஒரு ஜாதகம் கொண்டு வந்தார். பையன் பேரு தரணி. சிங்காநல்லூர்ல சொந்த வீடு, அப்பா இல்லை, அம்மா மட்டும். வீட்டுல இருந்துக்கிட்டே கம்ப்யூட்டர் வேலை. பாப்பா வேலை செய்யற அதே கம்பெனிதான்னு சொன்னார். ஆயிரம் பேரு வேலை செய்யற கம்பெனி, யாருக்கு யாரைத் தெரியப் போகுது. பொருத்தம் பார்த்தோம், அருமையாப் பொருந்துச்சு. எங்க வீட்டுல தெய்வானைக்கு, எம் பொண்டாட்டிக்கு, முகத்துல அன்னிக்கு வந்த வெளிச்சம் இருக்குதே, எங்க கல்யாணத்தன்னிக்குக் கூட நான் பார்க்கலைங்க.

எங்க பக்கம் பொண்ணைக் காட்டறதுக்கு முன்னால மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துட்டு வர்றது ஒரு வழக்கம். நானும் தெய்வானையும் தரகரும் போனோம். வீட்டைச் சுத்திக் காட்டினாங்க. தரகர் போர்வெல்லைப் பார்த்தார், மோட்டாரைப் போட்டுத் தண்ணி எவ்வளவு வருதுன்னு பார்த்தார். தெய்வானை சமையக்கட்டுக்குள்ள போயிருச்சு. நான் கேட்டேன், "மாப்பிள்ளை வேலை செய்யற இடம் எதுங்க?"

எல்லாரும் பத்து விரலை மறைக்கலாம், குணத்தை மறைக்கலாம், கீபோர்டை மறைக்க முடியாதுங்க. ஒருத்தன் என்ன திங்கறான், எந்தக் கையைக் கழுவறான், கோபம் வந்தா எந்தக் கட்டையைக் குத்தறான், எல்லாம் அதுல இருக்குது. ஜோசியக்காரன் கட்டத்தைப் பார்க்கறான், நான் கட்டையைப் பார்க்கறேன். இதுவரைக்கும் நான் படிச்சுத் தப்பினதில்லை.

பையன் எல்லாரையும் மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். ஒரு ரூம். பெரிய மேஜை, பெரிய ஸ்கிரீன், முன்னால ரெண்டு நாற்காலி. நடுவுல கீபோர்டு. அந்தப் பக்கம் ஒரு மவுஸ், சரி. இந்தப் பக்கம், இடது பக்கம், இன்னொரு மவுஸ்.

நான் கேட்டேன், "ஏனுங் மாப்பிள்ளை, ஒருத்தருக்கு எதுக்குங்க ரெண்டு மவுஸ்?"

பையன் அவங்கம்மாவைப் பார்த்தான். அந்தம்மா பையனைப் பார்த்தாங்க.

"அது ஸ்பேருங்க மாமா"ன்னான்.

"ஸ்பேர்னா டிராயர்ல இல்ல இருக்கோணும்?"

"கை வலிச்சா மாத்திக்குவேனுங்க."

அந்தம்மா நடுவுல பூந்து, "ஆமாங்கண்ணா, அது உட்கார்ந்தா எந்திரிக்கறதே இல்லீங்க, நாந்தான் மேல கொண்டாந்து கொண்டாந்து குடுக்கறது. ரெண்டு பேருக்கும் வேலைன்னா வேலைதான்"னாங்க. சொல்லிட்டு வாயைப் பொத்திக்கிட்டாங்க. எந்த ரெண்டு பேருன்னு நான் கேட்கலை. அவங்க வீட்டுப் பேச்சு நமக்கெதுக்கு. எனக்கு அதைவிடப் பெரிய சங்கடம் முன்னால கிடந்தது.

கீபோர்டுங்க. பக்கத்துல போய்க் குனிஞ்சேன். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல வரப்புக் கட்டின மாதிரி அழுக்கு. என்டர் கட்டை மேல ஒரு பளபளப்பு, அது தேய்ஞ்ச பளபளப்பு இல்லை, எண்ணெய்ப் பளபளப்பு. விரல் நுனியால தொட்டேன். ஒட்டிக்கிட்டுத்தான் வந்துச்சு. கீழ குடிச்ச காப்பி மேல வரட்டுமான்னு கேட்குது.

தோளில் இருந்து துண்டை எடுத்து மேஜை மேல விரிச்சேன். கீபோர்டைக் கவுத்தேன். முதுகுல ரெண்டு தட்டுத் தட்டினேன்.

கொட்டுச்சு பாருங்க.

முறுக்குங்க. முறுக்குத் தூள், முறுக்குத் துண்டு, நாள்பட்ட முறுக்கு, புது முறுக்கு. அதுக்கு நடுவுல கறுப்பு எள்ளும் ஓமமும் பேன் மாதிரி. ஒரு செத்த எறும்பு, அதுக்கும் முறுக்குதான் எமன். அப்புறம் நகப்பூச்சுச் சில்லு, உரிஞ்சு விழுந்தது, நாலஞ்சு. மயில்கழுத்துக் கலர். எனக்குச் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியலை. அந்தம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும், இந்த வயசுல இப்படி ஒரு கலரு கேட்குதேன்னு நினைச்சேன். அவங்க கையைப் பார்த்தேன். நகத்துல ஒண்ணும் இல்லை. நாங்க வர்றோம்னு அழிச்சிருப்பாங்க.

"மாப்பிள்ளை, இதென்னுங்க?"ன்னேன்.

"முறுக்குங்க மாமா"ன்னான். கூச்சமே இல்லாம. அப்புறம் சொன்னான், "ரொம்ப நல்லா இருக்குமுங்க."

இதை எவனாவது சொல்லுவானுங்களா? கீபோர்டுல இருந்து கொட்டின முறுக்கைக் காட்டி, ரொம்ப நல்லா இருக்கும்னு? தெய்வானை வாசப்படியில நின்னு துண்டையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. சேலை முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு தோள் குலுங்குது. அவளுக்கும் குமட்டுதுன்னு நினைச்சேன். பொம்பளைங்களுக்கு இதெல்லாம் தாங்காது.

அங்கேயே சொல்லிட்டேனுங்க. "இந்தச் சம்பந்தம் வேண்டாம். கை சுத்தமில்லாதவனுக்கு எம் பொண்ணைக் குடுக்கமாட்டேன்." தரகர் அந்தப் பக்கம் இழுக்கறார், இந்தப் பக்கம் இழுக்கறார். "ஏனுங்க, வீடு இருக்குது, வேலை இருக்குது, ஒரு கெட்ட பழக்கம் இல்லை, முறுக்குத் தின்னதுக்கா?"ங்கறார். முறுக்குத் தின்னதுக்கு இல்லைங்க, தின்ன கையைக் கழுவாததுக்கு. அந்தப் பையன் கீபோர்டை நிமிர்த்தி வெச்சு, இடது பக்கத்து மவுசை எடுத்து நேராக்கி வெச்சான். அவ்வளவுதான். அதை ஏன் அத்தனை பதனமா வைக்கறான்னு அப்பவே எனக்கு எரிச்சல்.

ராத்திரி பாப்பாவுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். அது உடனே கேட்டுச்சு, "மவுஸ் எந்தப் பக்கம்ப்பா இருந்துச்சு?"

"ரெண்டு பக்கமும் சாமி. அதைத்தான் நானும் கேட்டேன்."

"நல்லாப் பார்த்தீங்களாப்பா?"

"எங் கண்ணுக்குத் தப்புமா?"

"சரிங்கப்பா"ன்னு போனை வெச்சிருச்சு. பாருங்க, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை.

அதுக்கப்புறம் ஜாதகம் வந்துக்கிட்டேதான் இருக்குது. எதைக் காட்டினாலும் வேண்டாங்குது. ஒரு பையன் போட்டோவை அனுப்பினா, "கீபோர்டு போட்டோ அனுப்பச் சொல்லுங்கப்பா"ன்னு பதில் போடுது. நான் சந்தோஷப்பட்டேன், நம்ம புத்தி வந்திருச்சுன்னு. ஆனா சித்திரை ஒண்ணுக்கு வரலை, திருவிழாவுக்கு வரலை. தெய்வானை எங்கிட்டப் பேசறதைக் குறைச்சுக்கிச்சு. சோத்தைப் போட்டு வெச்சுட்டு அந்தப் பக்கம் போயிரும். ஏண்டின்னு கேட்டா, "கை கழுவிட்டு உட்காருங்க"ங்கும். எங்கிட்ட. எங்கிட்டச் சொல்லுது.

போன வாரம் பாப்பாவே கூப்பிட்டுச்சு. "அப்பா, நீங்க ஒருக்கா எங்க ஹாஸ்டலுக்கு வாங்க. என் மேஜையைப் பாருங்க. என் கீபோர்டைக் கவுத்துத் தட்டுங்க. குப்பை ஒண்ணும் விழலைன்னா நீங்க சொல்ற மாப்பிள்ளையைக் கட்டிக்கறேன். விழுந்துச்சுன்னா நாஞ் சொல்றவரைக் கட்டி வைக்கோணும். சம்மதமா?"

சிரிச்சேனுங்க. சம்மதம்னேன். அது சொல்றவர்னு யாரு இருக்கறாங்க, எனக்குத் தெரியாதா. சும்மா பேச்சுக்குச் சொல்லுது. எம் பொண்ணு கீபோர்டுல குப்பையா? என் வளர்ப்புங்க அது. இதோ பாருங்க, பையில பிரஷ், ஸ்பிரிட் பாட்டில், எல்லாம் எடுத்துக்கிட்டுத்தான் கிளம்பினேன். எதுக்கும் இருக்கட்டும்னு. தெய்வானைகிட்டச் சொன்னா, அதுவும் சிரிக்குது. எத்தனையோ மாசம் கழிச்சு அவ முகத்துல சிரிப்பைப் பார்த்தேன். அன்னிக்கே அடுப்பைப் பத்த வெச்சு, பாப்பாவுக்குன்னு முறுக்குச் சுட்டு ரெண்டு டப்பாவுல போட்டுக் குடுத்திருக்குது. "ஒரு ஆளுக்கு எதுக்குடி ரெண்டு டப்பா?"ன்னேன். "திங்கறவங்க திங்கட்டும்"ங்குது.

அவிநாசி தாண்டிட்டோம் போலிருக்குது. பேசிக்கிட்டே வந்ததுல தெரியலை. நீங்க காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலைன்னு நினைக்கறேன். ஒரு முறுக்கு எடுத்துக்கோங்க. இருங்க இருங்க, அப்படியே எடுக்காதீங்க, மடியில துண்டை விரிச்சுக்கோங்க. துவைச்ச துண்டுதான். ஆமா, அப்படி. எங்க வீட்டு முறுக்கு மாதிரி நீங்க எங்கேயும் தின்னிருக்கமாட்டீங்க. கடைக்காரன் எள்ளு போட்டா ஓமம் போடமாட்டான், ஓமம் போட்டா எள்ளு போடமாட்டான். எங்க தெய்வானை ரெண்டும் போடும், எள்ளும் கறுப்பு எள்ளுதான். அவங்கம்மா வழிப் பக்குவம். எங்க சந்துல வேற ஒரு வீட்டுல இதைச் செய்யமாட்டாங்க.

கடிங்க. உதிரும், பரவாயில்லை. நானும் ஒண்ணு எடுத்துக்கறேன், நீங்க தனியாத் தின்னா நல்லா இருக்காது.

என்னுங்க, ஏன் சிரிக்கறீங்க?

எதைப் பார்க்கச் சொல்றீங்க? துண்டா?

துண்டுல என்ன. முறுக்குத் தூளு. எள்ளு, ஓமம். நீங்க கடிச்சதுதானே உதிர்ந்து

இருங்க.

கொஞ்சம் இருங்க தம்பி.

இதை நான் ஒருக்கா பார்த்திருக்கறேன். இதே துண்டுல. இதே மாதிரி, வெள்ளையில கறுப்பா.

பேசாதீங்க. நான் யோசிக்கோணும்.

கறுப்பு எள்ளும் ஓமமும். சிங்காநல்லூர்ல இதை யாரு சுடறாங்க? அந்தம்மாவா? அந்தம்மா எங்களுக்குக் காப்பிக்குத் தொட்டுக்கக் கடையில வாங்கின மிக்சரைத்தான் வெச்சாங்க. வீட்டுல முறுக்குச் சுடத் தெரிஞ்சிருந்தா அதைத்தானே வெச்சிருப்பாங்க. தெய்வானை மாசம் தவறாம பாப்பாவுக்கு டப்பா கட்டி அனுப்பும். ஹாஸ்டல்ல பிள்ளைங்க கூடச் சேர்ந்து தின்னுக்கும்னு சொல்லும்.

மயில்கழுத்துக் கலர். நான் அந்தம்மாவைப் போய் நினைச்சேனே. அறுபது வயசு மனுஷி.

பீச்சாங்கைப் பக்கத்து மவுஸ்.

சீ.

ரெண்டு நாற்காலிங்க தம்பி. ஒரே ஸ்கிரீன். அவன் அந்தப் பக்கம், இவ இந்தப் பக்கம். நடுவுல ஒரே கீபோர்டு. இவ கை எண்ணெய் அவன் மேல, அவன் கை எண்ணெய் இவ மேல. கடிச்ச முறுக்கு நடுவுல கிடக்கும், யாரு வேணாலும் எடுத்துக்குவாங்க. நினைக்கவே எனக்கு உடம்பு பூராம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. ஒரே கட்டையில ரெண்டு பேரு விரலாங்க? எப்படிங்க முடியுது? பெத்த பொண்ணுக்கும் எனக்கும் நடுவுல கூட நான் அப்படி விட்டதில்லையே.

விட்டதில்லைங்க. ஒரு விரல் கூட.

அந்த மூலையில உட்கார்ந்துக்கிட்டு ஒயர் இல்லாததைத் தட்டும். லெட்டராம். எனக்காம். என்ன அடிச்சுச்சோ.

தெய்வானைக்குத் தெரிஞ்சிருக்குது. அன்னிக்கு முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு நின்னாளே, குமட்டல் இல்லை அது. தன் முறுக்கு தனக்குத் தெரியாதா. தரகருக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தம்மா வாயைப் பொத்தினாங்களே. ஊருக்கே தெரிஞ்சிருக்குது. கட்டையைப் பார்த்து குணத்தைச் சொல்றவன் நான் ஒருத்தன்தான் துண்டை விரிச்சு வெச்சுக்கிட்டு நின்னிருக்கறேன்.

பந்தயத்தைப் பாருங்க. குப்பை விழலைன்னா நான் சொல்றவன், விழுந்தா அது சொல்றவன். குப்பை விழும்னு தெரிஞ்சுதானே கூப்பிட்டிருக்குது. என்னையவே கவுத்துத் தட்டச் சொல்லியிருக்குது.

இது என்ன ஸ்டாப்புங்க? அடுத்தது ஹோப் காலேஜா? அங்கதான் நிக்கறேன்னு சொல்லுச்சு. கண்டக்டர், ஹோப்ஸ் ஒண்ணு இறங்கோணுமுங்க.

இந்தாங்க தம்பி, இந்தப் பிரஷ்ஷை நீங்க வெச்சுக்கோங்க. ஸ்பிரிட்டும். எனக்கு இன்னிக்கு வேண்டாம். அங்க போய்க் கவுத்துப் பார்க்க ஒண்ணுமில்லை, இங்கேயே கவுத்தாச்சு. அந்த ஜாமை முதல்ல துடைங்க. ஸ்பிரிட்டைக் கட்டை மேல ஊத்திடாதீங்க, துணியில நனைச்சுத் துடைக்கோணும். பிரஷ்ஷை ஒரே பக்கமாத் தள்ளுங்க, முன்னும் பின்னும் தேய்ச்சா குப்பை உள்ள இறங்கிக்கும். கேட்குதுங்களா?

அதோ நிக்குது பாருங்க, மஞ்சச் சுடிதார். கையைக் காட்டுது. எந்தக் கையின்னு பார்த்தீங்களா? பீச்சாங்கை. ரோட்டுல நின்னு, எங் கண்ணு முன்னால, பீச்சாங்கையை ஆட்டுது. எத்தனை நாளா இப்படி ஆட்டுதோ.

பக்கத்துல நிக்கறது அவனேதான். வந்திருக்கறான் பாருங்க, தைரியமா. பந்தயம் முடியறதுக்கு முன்னாலயே. டப்பா வருதுன்னு தெரிஞ்சு வந்திருப்பான், திங்கறதுக்கு. உங்க கண்ணு நல்லா இருக்கும், அவன் கையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. சுத்தமா இருக்குதுங்களா? இங்க இருந்து எனக்குத் தெரியலை.

நகருங்க, இறங்கறேன். ரெண்டு டப்பாவும் என் கையிலயே இருக்கட்டும். பை வாங்கறதுக்குப் படிக்கிட்டவே வர்றான், கையை வேற நீட்டறான், முன்ன பின்ன பழகின மாதிரி. என் கையப் பாருங்க தம்பி, பூராம் முறுக்கு எண்ணெய், பிசுபிசுங்குது. இந்தக் கையோட எப்படி அவன் கையைத் தொடறது? அந்தத் துண்டைக் குடுங்க.

வேண்டாம், அது பூராம் தூளு. மடிச்சு நீங்களே வெச்சுக்கோங்க.

கைக்குட்டை முகத்துக்கு. துடைக்க வேற ஒண்ணுமில்லையே.